கடலைக் காணோம்

எங்கள் வீட்டு மாடியில் ஓர் இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். இருவரும் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறவர்கள். கலியாணமான மூன்றாவது மாதம் காரை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி வரை போய் வந்தார்கள். ஞாயிறு இரவு திரும்பி வந்தவர்களை மாடிப்படியில் பார்த்து, "கடல் எப்படி இருந்தது?" என்று விசாரித்தேன்.

பையன் சற்று யோசித்தான். "கடலா சார்? ரூம் ஜன்னல்லேருந்து தெரிஞ்சுது" என்றான்.

அவன் மனைவி அவனை விட உண்மை பேசுகிறவள். "வழியிலே எங்கேயும் பார்க்கலை, அங்கிள். முட்டுக்காட்டுலே நிறையத் தண்ணி தெரிஞ்சுது. ஆனா அது பேக்வாட்டராம்" என்றாள்.

கடற்கரைச் சாலையில் நூற்றைம்பது கிலோமீட்டர் போய், கடலைப் பார்க்காமல் திரும்பி வந்த பிரகஸ்பதிகள்! சமையலறைக்குப் போய் என் மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "போன வருஷம் நாமளும்தான் போனோம். நீங்க எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

நினைத்துப் பார்த்தேன். சுங்கச் சாவடி ஞாபகம் வந்தது. சாம்பார் ருசியாக இருந்த ஓர் ஓட்டல் ஞாபகம் வந்தது. சவுக்குத் தோப்பு, இளநீர்க் கடை, உயரமான கதவுகள், அவற்றை விட உயரமான மதில்கள், மதில்களில் பதித்த பெயர்ப் பலகைகள், அந்தப் பெயர்களிலெல்லாம் கடலையும் அலையையும் மணலையும் குறிக்கிற இங்கிலீஷ் வார்த்தைகள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. கடல் மட்டும் வரவில்லை. நானோ கதைகளில் கடலை வர்ணித்துச் சன்மானம் வாங்கியவன். அந்த வர்ணனைகளெல்லாம் மெரினாவில் பார்த்ததை வைத்துக்கொண்டு எழுதியவை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் நாங்கள் இருவரும் கிளம்பினோம். இந்தத் தடவை கோயில் இல்லை, ஓட்டல் இல்லை. கடலை மட்டும் தேடுவது என்று தீர்மானம். நிபந்தனைகள் இரண்டு. கடலைப் பார்ப்பதற்காக ஒருவருக்கும் காசு கொடுக்கக் கூடாது. ஒருவரிடமும் அனுமதி கேட்கக் கூடாது. வண்டியை ஓரம் கட்டினோமா, நடந்தோமா, காலை நனைத்தோமா என்று இருக்க வேண்டும். (சுங்கச் சாவடியில் கொடுத்த பணம் சாலைக்காகக் கொடுத்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

இது ஒன்றும் அநியாயமான நிபந்தனை இல்லை. கோபாலபுரத்தில் எங்கள் மொட்டை மாடிக்கும் மெரினாவுக்கும் மூன்று கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். அங்கே யாராவது எங்களைக் கேள்வி கேட்டதுண்டா? 1884-ஆம் வருஷ வாக்கில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு, 'மெரினா' என்று பெயரும் வைத்தார். வெள்ளைக்கார துரை, எத்தனையோ குறைகள் உள்ளவர். ஆனாலும் கடலுக்கும் ஊருக்கும் நடுவே மதில் கட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதனால்தான் இன்றைக்கும் சுண்டல் விற்கிற பையனும் ஹைகோர்ட் ஜட்ஜும் ஒரே மணலில் நடக்கிறார்கள்.

திருவான்மியூரைத் தாண்டினோம். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை. நியாயமாகச் சொல்ல வேண்டும்: இந்த ஊர்களில் பழைய தெருக்கள் சில இன்னும் கடல் வரை போகின்றன. ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி என்று தெற்கே போகப் போகத்தான் சமாசாரம் வேறு. சாலைக்கு இடது பக்கம் சில நூறு கஜ தூரத்தில் வங்காள விரிகுடா முழுவதும் கிடக்கிறது. காது கூர்மையாக இருந்தால் சத்தம் கூடக் கேட்கும். கண்ணுக்குத் தெரிவதோ மதில்.

ஓர் இடத்தில் இரண்டு மதில்களுக்கு நடுவே மண் பாதை ஒன்று கிழக்கே போயிற்று. ஆவலோடு வண்டியை நிறுத்தி இறங்கினோம். நூறு அடி போவதற்குள் ஒரு கதவு. கதவில் விறைப்பான உடுப்புப் போட்ட இளைஞன் ஒருவன். சலாம் வைத்தான்.

"புக்கிங் இருக்கா சார்?"

"புக்கிங் இல்லேப்பா. கடலுக்குப் போகணும்."

"கடலுக்கு இப்படி வழி கிடையாது சார்."

"பின்னே எப்படிப் போறது?"

அவன் உண்மையிலேயே எங்களுக்கு உதவி செய்ய விரும்பினான் என்பதை முகத்தில் பார்த்தேன். கொஞ்சம் யோசித்து, "மெரினாவுக்குப் போங்க சார். அங்கே ஃப்ரீயா விடுவாங்க" என்றான்.

பேச்சுக் கொடுத்ததில், அவன் பக்கத்துக் குப்பத்துப் பிள்ளை என்று தெரிந்தது. அவனுடைய அப்பா வலை காயப் போட்ட மணல், அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதே மணலுக்கு யாரும் போய்விடாதபடி இந்தப் பக்கம் நின்று காவல் காப்பதற்கு அவனுக்குச் சம்பளம். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு அந்தச் சம்பளம் வேண்டியிருக்கிறது.

வாசகர்களில் சிலர், "தனியார் நிலம் ஐயா, மதில் கட்டாமல் என்ன செய்வார்கள்?" என்று கேட்பீர்கள். மதிலுக்குள் இருக்கும் நிலம் அவர்களுடையதாகவே இருக்கட்டும். நான் கேட்பது நடுவில் உள்ள வழியை. இது நான் இன்று கண்டுபிடித்த புதுமையல்ல. 1981-லேயே பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாகாணங்களின் முதல் மந்திரிகளுக்கு எழுதினார்: அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் வேண்டாம் என்று. கடிதத்தை யாரும் மதிக்கவில்லை என்றுதான், 1991-ஆம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி அதைச் சட்டத்தின் கீழ் அறிவிக்கையாகவே கொண்டுவந்தார்கள். அதில் கடற்கரை ஓட்டல்களுக்கு அனுமதி கொடுக்கிற நிபந்தனைகளில் ஒன்றை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? பொது ஜனங்கள் கடலுக்குப் போவதற்காக, எந்த இரண்டு ஓட்டல்களுக்கு நடுவிலும் குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும்!

இருபது மீட்டர்! ஒரு கலியாண ஊர்வலமே மேளதாளத்தோடு போகலாம். அந்த அறிவிக்கைக்கு முன்னாலேயே கட்டியவர்களை விட்டுவிடுகிறேன். பின்னால் முளைத்தவர்கள் எங்கே வைத்திருக்கிறார்கள் அந்த இருபது மீட்டரை?

தேடினோம். பக்கத்துப் பக்கத்திலிருந்த இரண்டு ஓட்டல்களுக்கு நடுவே ஒரு சந்தைக் கண்டோம். என் மனைவி அதில் நின்று இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தாள். ஒரு கை ஓர் ஓட்டலிலும் மற்றொரு கை மற்றோர் ஓட்டலிலும் பட்டது. சந்தின் கோடியில் இரும்புக் கதவு, பூட்டு. பூட்டு துருப் பிடித்திருந்தது.

"திறந்து பல வருஷம் ஆயிருக்கும்" என்றாள்.

கடைசியில் எங்கள் காலை நனைத்தது எங்கே தெரியுமா? ஒரு மீனவர் குப்பத்தில். கோவளத்துக்கு அப்பால், ஒரு சின்ன மாதா கோயிலின் பக்கத்தில் தெரு ஒன்று நேரே கடலுக்கு ஓடியது. கதவில்லை, காவலாள் இல்லை, பலகை இல்லை. வலைகளை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தோம். படகு நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஒரு கிழவர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் மனைவிக்குப் போட்டார். நீங்கள் யார், எந்த ஊர், எதற்கு வந்தீர்கள் என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. கண்ணுக்கு எட்டிய வரையில் கடல் பளபளத்துக்கொண்டிருந்தது.

கடலையே நம்பிப் பிழைக்கிறவர்கள் மற்றவர்களுக்கு வழி விட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு நாலு நாள் வந்து தங்குகிறவர்கள் அடைத்துவிட்டார்கள். நம் வீடுகளில் குப்பம் என்ற பெயரைக் கேட்டாலே மூக்கைப் பொத்திக் கொள்கிறோமே, அந்த மூக்கைக் கொஞ்சம் திறந்து இதையும் முகர்ந்து பார்க்க வேண்டும்.

தமிழில் ஒரு ஜோடி கடற்கரைக்கு உல்லாசப் பயணம் போன கதைகளில் மிகப் பிரசித்தமானது கோவலனும் மாதவியும் போனது. இந்திர விழாவுக்குப் பிறகு புகார் நகரத்திலிருந்து புறப்பட்டார்கள். அவன் கோவேறு கழுதை மேல் ஏறினான், அவள் வண்டியில் ஏறினாள் என்று பிரயாண ஏற்பாடுகளைக் கூட விடாமல் சொல்கிறார் இளங்கோவடிகள். (புறப்படும்போதே தனித்தனி வாகனம். திரும்பும்போது தனித்தனியாகவே திரும்பினார்கள் என்பது வேறு கதை.) கடற்கரையில் அவர்கள் மாத்திரமா இருந்தார்கள்? ஊரே இருந்தது. வேறு வேறு பாஷை பேசுகிற ஜனங்கள் கூடியிருந்தார்கள். பெரிய வணிகன் அல்லவா கோவலன்? அவனும் ஒதுக்கமாக இருக்க ஆசைப்பட்டான். என்ன செய்தான்? புன்னை மர நிழலில் சித்திரத் திரையைச் சுற்றிக் கட்டி உள்ளே உட்கார்ந்தான்.

திரை! துணியால் ஆன திரை. யாழ் வாசித்து, பாட்டுப் பாடி, ஊடல் முற்றி எழுந்து போனதும் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். மறுநாள் அந்தப் புன்னை மர நிழல் வேறொருவனுக்கு. பணக்காரனின் ஏகாந்தத்துக்கு நான் விரோதியல்ல. ஏகாந்தத்தைத் துணியில் கட்டுங்கள் என்கிறேன், செங்கல்லில் கட்டாதீர்கள்.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதியைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அடுத்த மார்ச்சில் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இடிந்துபோனவர்கள், அப்பால் போவதாயிருந்தால் புது வீடு இலவசம். போக மாட்டேன் என்பவர்கள் அங்கேயே சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், ஆனால் சர்க்கார் உதவி கிடையாது. உயிரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கடலில் இறங்கிப் பிழைக்கிறவன் கடலை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். கடலைப் பார்த்து ரசிக்கிறவன் அலைக்குப் பக்கத்திலே நீச்சல் குளம் கட்டிக்கொள்ளலாம் என்பது எந்த ஊர் நியாயம்? அலைக்கு அவன் வேறு, இவன் வேறு என்று தெரியுமா? பிறகு 2019-ல் சட்டத்தையே தளர்த்தினார்கள். ஜன நெருக்கமுள்ள கிராமக் கரைகளில் கட்டடம் கூடாத எல்லை 200 மீட்டர் என்பது 50 மீட்டராகச் சுருங்கிவிட்டது.

இதுவரையில் ஊரார் மேல் கோபித்துக்கொண்டேன். இனி நடந்ததைச் சொல்வது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே எனக்கும் ஒரு மனையில் கால் பங்கு உண்டு. என் மைத்துனர், அவருடைய சிநேகிதர்கள் இருவர், நான், நால்வரும் பல வருஷங்களுக்கு முன் சேர்ந்து வாங்கியது. விலை ஏறும் என்றார் மைத்துனர். ஏறிற்று. பத்திரம் பதிவான அன்று பார்த்ததோடு சரி. இந்த வருஷம் மதில் கட்டப் போகிறோம், உங்கள் பங்கு ஒன்றரை லட்சம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நானும் சரி என்று சொல்லியிருந்தேன். வழியில்தானே இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள் என் மனைவி.

நெருஞ்சியும் முள்ளும் மண்டிய மனையின் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை வெள்ளையாகத் தெரிந்தது. பாதையில் ஒரு வயதான ஸ்திரீ தலையில் மீன் கூடையோடு வந்தாள். ஈர மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்தவள், எங்களைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது.

"எங்கே ஆயா போறீங்க?" என்றாள் என் மனைவி.

"ரோட்டாண்ட பஸ்ஸு புடிக்கணும்மா. மீனு வேணுமா?"

"தினமும் இந்த வழியாத்தானா?"

"எங்கம்மா காலத்துலேருந்து இதான் வழி. அந்தாண்ட செவுரு வந்துடுச்சு, இந்தாண்டயும் செவுரு வந்துடுச்சு. இதையும் கட்டப் போறாங்களாம். கட்டிட்டாங்கன்னா ஓடை வழியா சுத்திக்கினு போவணும். அதுக்குள்ள ஐஸு கரைஞ்சிடும்மா. ஐஸு கரைஞ்சா மீனை யாரு வாங்குவாங்க?"

"யாரோட மனைன்னு தெரியுமா ஆயா?"

"யாரோ மெட்ராஸ்காரங்களாம். கண்ணுல பார்த்ததில்ல."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். அன்றைக்குக் காலையிலிருந்து கடலைத் தேடி அலைந்தவன், அப்போது அதைத் தவிர வேறு எதையும் பார்க்கத் துணியவில்லை. ஒரு கிலோ சங்கரா வாங்கினோம். மீதிச் சில்லறையை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் விடவில்லை, எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

புதுச்சேரி போகாமல் திரும்பிவிட்டோம்.

அன்றிரவே மைத்துனருக்குப் போன் செய்தேன். மதில் வேண்டாம், அல்லது பாதையை விட்டுவிட்டுக் கட்டுங்கள் என்றேன். அவர் நல்ல மனிதர். பொறுமையாக எடுத்துச் சொன்னார். "மாப்பிள்ளை, வழி விட்டா குடிகாரன் வருவான், பாட்டிலை உடைச்சுப் போடுவான். காலேஜ் பசங்க வந்து குளிச்சு முழுகிப் போவானுங்க. நாளைக்குப் போலீஸ் நம்மளைக் கேக்கும். அந்தப் பக்கம் ஓட்டல் வந்ததாலேதான் அந்த ஊர்லே நாலு பேருக்கு வேலை கிடைச்சுது" என்றார்.

ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. நம் ஜனங்கள் கடற்கரையைக் குப்பை மேடாக்குகிறார்கள் என்பது வாஸ்தவம். பெசன்ட் நகரில் ஞாயிறு மாலைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. இந்தக் கரையில் ஒவ்வொரு வருஷமும் இளம் பிள்ளைகள் முழுகிச் சாவதும் வாஸ்தவம். அதற்கு வேண்டியது காவல் நீச்சல்காரர்களும் எச்சரிக்கைக் கொடிகளும். மதில் கட்டிய ஓட்டலுக்குள்ளே கடல் மட்டும் சாந்தமாகிவிடுகிறதா? குடிகாரனைப் பற்றிச் சொல்வதானால், பாட்டில்களில் பாதி எந்தப் பக்கத்து மதிலுக்குள்ளிருந்து வருகிறது என்று மைத்துனரையே கேட்டேன். வேலை கிடைத்ததாகச் சொன்னாரே, விறைப்பான உடுப்போடு எங்களுக்குச் சலாம் வைத்த பையனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் ஓரிகன் என்று ஒரு மாகாணம். பணத்தையும் தனிச் சொத்தையும் தெய்வமாகக் கும்பிடுகிற தேசம் அது என்பதை மறந்துவிடாதீர்கள். 1913-லேயே அங்கே ஆஸ்வால்ட் வெஸ்ட் என்ற கவர்னர் அலை நனைக்கும் மணல் முழுவதையும் பொது நெடுஞ்சாலை என்று சட்டம் செய்ய வைத்தார். சாலையை யார் அடைக்க முடியும்? 1966-ல் ஒரு விடுதிக்காரர், "ஈர மணல்தானே பொது? உலர்ந்த மணல் என்னுடையது" என்று மரக்கட்டைகளைப் போட்டுத் தம் விருந்தாளிகளுக்கு மட்டும் வேலி கட்டினார். ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். டாம் மக்கால் என்ற கவர்னர் நில அளவையாளர்களோடு ஹெலிகாப்டரில் கடற்கரைக்கே போய் இறங்கினார். 1967-லேயே உலர்ந்த மணலிலும் ஜனங்கள் தடையின்றி நடமாடலாம் என்று சட்டம் வந்துவிட்டது.

நமக்கும் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1996 டிசம்பரில், இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதியோரத்து ஓட்டல் ஒன்றின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது: கடற்கரை, ஓடும் தண்ணீர், காற்று, காடு இவையெல்லாம் பொது ஜனங்களின் அனுபோகத்துக்கு உரியவை, சர்க்கார் இவற்றுக்குத் தர்மகர்த்தா. கோயில் தர்மகர்த்தா மூலஸ்தானத்தைச் சுற்றி மதில் எழுப்பிப் பணக்காரருக்கு வாடகைக்கு விட்டால் ஊர் சும்மா இருக்குமா? கடலுக்கு மட்டும் ஏன் ஊர் சும்மா இருக்கிறது என்றால், ஊர் அதைப் பார்ப்பதேயில்லை. காரில் வேகமாகப் போகிறது. ஓட்டல் ஜன்னலிலிருந்து தெரிந்தால் போதும் என்று நினைக்கிறது. என்னைப் போல் ஊரில் சிலருக்குக் கால் பங்கு மனையும் இருக்கிறது.

இன்னொரு சங்கதியும் மைத்துனருக்குச் சொன்னேன். 1882-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு பாதையில் இருபது வருஷம் தடையில்லாமல், பகிரங்கமாக, உரிமையோடு நடந்துவந்தவர்கள் அதில் பாத்தியதை கோரலாம் என்பது அதன் சாரம். அந்த அம்மாள் தன் தாயார் காலத்திலிருந்து நடக்கிறாள்.

"அவங்களுக்கு அதெல்லாம் தெரியுமா மாப்பிள்ளை?" என்றார்.

"தெரியாது. நான் போய்ச் சொல்லப் போறேன்" என்றேன்.

அதன் பிறகு மைத்துனர் என்னோடு பேசுவதில்லை. தங்கைக்கு மட்டும் போன் வருகிறது. மதில் கட்டுகிறவருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதாம். சித்திரை பிறந்ததும் கடைக்கால் தோண்டுகிறார்களாம். என் பங்கு ஒன்றரை லட்சம் இன்னும் என்னிடமே இருக்கிறது. வருகிற சனிக்கிழமை மறுபடியும் அந்த ஊருக்குப் போகிறோம். மாடி வீட்டுப் பிள்ளைகளும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.